சாக்லேட் தொழிலுக்காக வேலையை விடலாமா?

கேள்வி: கொளத்தூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். வயது 28. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதம் 55,000 ரூபாய் கைக்கு வருகிறது. சிறு வயதிலிருந்தே சாக்லேட் என்றால் எனக்கு உயிர். சில ஆண்டுகளாக வீட்டிலேயே கட்டி சாக்லேட் வாங்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் உருக்கி, பாதாம், முந்திரி சேர்த்து அச்சில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத் தெரிந்தவர்களுக்குத் தருகிறேன். கடந்த தீபாவளிக்கு 12 துண்டுகள் கொண்ட பெட்டி 250 ரூபாய் என்று 90 பெட்டிகள் விற்றன. பொருளும் பெட்டியும் சேர்த்து ஒன்றுக்கு 130 ரூபாய் ஆனது. வேலையை விட்டுவிட்டு மூன்று மாத சாக்லேட் பயிற்சியில் சேர்ந்து, பிறகு அண்ணா நகரில் கடை திறக்க நினைக்கிறேன். பயிற்சிக் கட்டணம் இரண்டு லட்சம். முன்பணம் 50,000 ரூபாயை இந்த மாத இறுதிக்குள் கட்டச் சொல்கிறார்கள். அப்பா, "சாக்லேட் சாப்பிடுவது பிடிக்கும் என்பதற்காக அதையே தொழிலாக்குவார்களா?" என்கிறார். என் முடிவு சரியா?

பதில்: அன்புள்ள கொளத்தூர் வாசகிக்கு,

வேலையை இப்போது விட வேண்டாம். சாக்லேட்டையும் விட வேண்டாம். வரும் சித்திரை, வைகாசி மாதங்களில் வேலையில் இருந்துகொண்டே சாக்லேட் செய்து விற்றுப் பாருங்கள். அதன் பிறகு ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். இனிப்புத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி, இப்போது சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை சொல்லிவரும் என்னிடம் இதே கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தீபாவளி முடிந்த கையோடு வருகிறார்கள். தீபாவளிக்குப் பெட்டி விற்பது கடினமல்ல. அப்போது வாங்குகிறவர் பரிசு கொடுக்க ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார், கொடுத்த இரண்டு நாளில் அது தீர்ந்துவிடுகிறது, வெயிலும் தணிந்திருக்கிறது. சென்னையில் சாக்லேட் தொழில் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு விடை மே மாதத்தில்தான் கிடைக்கும்.

முதலில், நீங்கள் செய்துவருவது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். நீங்கள் வாங்கும் கட்டியின் உறையை எடுத்து மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதில் ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு என்று இருந்தால், அது தொழிலில் காம்பவுண்ட் என்று அழைக்கப்படும் பொருள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற மலிவான கொழுப்பைச் சேர்த்துச் செய்வது. உருக்கி அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பதாக நீங்கள் எழுதிய ஒரு வரியிலிருந்தே அது காம்பவுண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் என்று விற்கப்படுவதில் பலவும் இந்த வகைதான். ஆனால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சாக்லேட் என்ற பெயரில் விற்க முடியாது. நீங்கள் இதுவரை கற்றுக்கொண்டது அச்சு வார்ப்பதையும் அழகாகப் பெட்டி கட்டுவதையும். சாக்லேட்டைக் கையாளும் வேலையை இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்கள்.

அந்த வேலையின் கடினம் முழுவதும் கோகோ வெண்ணெயில் இருக்கிறது. உருகிய கோகோ வெண்ணெய் குளிரும்போது ஆறு விதமான படிக அமைப்புகளில் எதுவாகவும் உறையக்கூடும். அவற்றில் ஐந்தாவது வகை மட்டுமே பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற ஒலியும், வாயில் வைத்ததும் கரையும் தன்மையும் தருவது. அது உருகும் வெப்பநிலை ஏறக்குறைய 34 பாகை செல்சியஸ், அதாவது நம் உடல் சூட்டைவிடச் சற்றே குறைவு. அந்த வகைப் படிகம் மட்டுமே உருவாகும்படி சாக்லேட்டைச் சூடாக்கிக் குளிர்வித்து மீண்டும் இளஞ்சூடாக்குவதைத்தான் டெம்பரிங் என்கிறோம். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை உருக்கி, 27 அல்லது 28 பாகைக்கு இறக்கி, மறுபடி 31 அல்லது 32 பாகைக்கு ஏற்றி அங்கேயே நிறுத்த வேண்டும். மில்க் சாக்லேட்டுக்கு இந்தக் கடைசி நிலை இன்னும் ஓரிரு பாகை குறைவு. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மொத்தமும் திரிதிரியாக இறுகிவிடும். நீங்கள் இப்போது பயன்படுத்தும் கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவியே அதற்குப் போதும்.

சென்னையில் மே மாதப் பிற்பகலில் பாதரசம் 40 பாகையைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். இரவிலும் 28 பாகைக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. ஆகவே 27 பாகைக்கு இறக்க வேண்டிய சாக்லேட் நம் சமையலறையில் தானாக அந்த நிலைக்கு இறங்காது. வேலை செய்யும் அறை 18 முதல் 22 பாகைக்குள் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. கடலோர நகரமான நம் ஊரில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு வெகு மேலேயே இருக்கிறது. ஏசி ஓடினால் ஈரமும் ஓரளவு குறையும் என்றாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது மட்டும் போதாமல் ஈரம் நீக்கும் கருவி வைக்க வேண்டியிருக்கும். ஃபிரிட்ஜ் இதற்கு மாற்று ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட்டின் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் உடனே பனித்து, அதில் சர்க்கரை கரைந்து, உலர்ந்த பிறகு சொரசொரப்பான வெண்படலமாகிவிடும். வெயிலில் உருகி மறுபடி உறைந்தால், கொழுப்பு மேலே வந்து சாம்பல் நிறம் பூக்கும். இரண்டையும் பார்த்தவுடன் வாங்கியவர் பூஞ்சை என்றே முடிவு செய்வார். அது உடலுக்குக் கேடில்லை என்று நீங்கள் சொல்லும் விளக்கத்தைக் கேட்க அவர் காத்திருக்க மாட்டார்.

செய்து முடித்த பிறகும் வெயில் விடுவதில்லை. கொளத்தூரிலிருந்து திருவான்மியூருக்கு ஒரு பெட்டியை மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு இருசக்கர வாகனத்தில் அனுப்பினால், அது போய்ச் சேரும்போது துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இந்தத் தொழிலில் நிலைத்தவர்கள் தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக், காலை ஒன்பது மணிக்கு முன்போ இரவு எட்டு மணிக்குப் பின்போ மட்டும் டெலிவரி, கோடையில் பட்டியலைச் சுருக்குதல் என்று தங்களுக்கென ஒரு ஒழுங்கை வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் சாக்லேட் பூசாத பிரவுனி, குக்கீஸ் என்று மாறிக்கொள்கிறவர்களும் உண்டு. உங்கள் கோடைத் தேர்வுக்குப் பெரிய முதலீடு வேண்டாம். உண்மையான கோகோ வெண்ணெய் கொண்ட சாக்லேட்டை, கூவெர்ச்சர் என்று கேட்டு, சில கிலோ மட்டும் வாங்குங்கள். ஏசி உள்ள ஒரு படுக்கையறையை வாரத்தில் ஒரு நாள் வேலையறையாக மாற்றிக்கொண்டு, ஒரே வகைச் சாக்லேட்டை வாராவாரம் செய்யுங்கள். பலவகை வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே பொருளை எட்டாவது முறையும் முதல் முறை போலவே கொண்டுவர முடிகிறதா, அந்தத் திரும்பச் செய்தல் உங்களுக்குச் சலிப்பூட்டுகிறதா என்பதுதான் உங்கள் கேள்விக்கான உண்மையான சோதனை. சாப்பிடப் பிடிப்பதும் செய்யப் பிடிப்பதும் வேறு வேறு விருப்பங்கள். உங்கள் தந்தை கேட்டதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இங்கே உங்கள் இப்போதைய வேலை உங்களுக்குக் கைகொடுக்கும். பிழை எங்கே, எந்தச் சூழலில், எத்தனாவது முறை வந்தது என்று பதிவு செய்வதுதானே உங்கள் தொழில்? அறை வெப்பநிலை, ஈரப்பதம், சாக்லேட்டின் வெப்பநிலை, தொகுதி எண், எத்தனை துண்டுகள் வீணாயின என்று ஒவ்வொரு வாரமும் எழுதிவையுங்கள். கைமணம் உள்ளவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்; குறிப்பேடு வைத்திருப்பவர்களை அரிதாகத்தான் பார்க்கிறேன்.

அடுத்து உங்கள் கணக்கு. நீங்கள் தரும் எண்களின்படி 250 ரூபாயில் 130 போக 120 ரூபாய் லாபம். உங்கள் உழைப்பு நேரத்துக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. மின்கட்டணம், உடைந்த துண்டுகள், டெலிவரி எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் வட்டம் முடிந்த பிறகு நீங்கள் ஒரு பேக்கரி வழியாகவோ பரிசுப்பொருள் கடை வழியாகவோ விற்க வேண்டியிருக்கும். அவர்கள் 30 சதவீதம் கேட்டால் 75 ரூபாய் அங்கே போகும். மீதி 45 ரூபாய். இப்போதைய சம்பளமான 55,000 ரூபாயை அந்த 45 ரூபாயில் எடுக்க வேண்டுமானால் மாதம் ஏறக்குறைய 1,220 பெட்டிகள், நாளுக்கு 40 பெட்டிகளுக்கு மேல், ஞாயிறு உட்பட, விற்றாக வேண்டும். அண்ணா நகர் வாடகையையும் ஏசி கட்டணத்தையும் நான் இன்னும் கழிக்கவில்லை. காம்பவுண்டை விட்டுக் கூவெர்ச்சருக்கு மாறினால் மூலப்பொருள் செலவும் கணிசமாக உயரும். ஆகவே அதே 250 ரூபாய்க்கு விற்பது நடவாத காரியம். அதிக விலை கொடுத்து வாங்கும் வேறொரு வாடிக்கையாளரை நீங்கள் தேட வேண்டும். உறவினர்களும் அலுவலகத் தோழிகளும் அந்த வாடிக்கையாளர்களா என்று உங்களுக்கே தெரியும்.

விலை உங்கள் கையில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் பொய்த்ததால் 2024 மார்ச் இறுதியில் ஒரு டன் கோகோவின் விலை 10,000 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டின் இறுதியில் இன்னும் ஏறி, 2025இல் இறங்கியது. பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுச் சமாளித்துக்கொள்கின்றன. வாரம் ஐந்து கிலோ வாங்குகிறவர் அன்றைய விலையைத்தான் கொடுத்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஓர் ஆறுதல்தான் என்றாலும், மூலப்பொருள் விலை அப்படி எகிறும்போது அது போதாது.

வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு கட்டாயம். தீபாவளி விற்பனைக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், இனியும் தள்ளிப்போடாதீர்கள். சிறு தயாரிப்பாளருக்கு அது இணையத்திலேயே விண்ணப்பிக்கக்கூடிய எளிய பதிவு. வருவாய் வளரும்போது உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். பதிவு எண், மூலப்பொருள் பட்டியல், சைவம் என்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி, நிகர எடை, தொகுதி எண், எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பது எல்லாம் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். பாதாம், முந்திரி சேர்ப்பதால் ஒவ்வாமை எச்சரிக்கையும் தேவை. கிரீம் சேர்த்த கனாஷ் நிரப்பும் துண்டுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் நீர்ச்சத்து இருப்பதால் நம் ஊரில் கெடும் வேகம் அதிகம். எத்தனை நாள் தாங்கும் என்பதை ஆய்வகத்தில் சோதிக்காமல் தேதி அச்சிடுவது பொறுப்பற்ற செயல்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சாக்லேட்டில் வாழ்க்கை அமைத்துக்கொள்ளக் கடை திறப்பது ஒன்றுதான் வழி என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான்.

சம்பளத்துக்கு இந்தத் துறையில் வேலை இருக்கிறது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரில் கேட்பரி சாக்லேட்டைத் தயாரிக்கும் மாண்டலீஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை 2016 முதல் இயங்குகிறது; பாரி நிறுவனத்தின் பழைய மிட்டாய்த் தொழிலை 2004இல் வாங்கிய லோட்டே நிறுவனம் சென்னை அருகே சோகோ பை தயாரிக்கிறது. தரக்கட்டுப்பாடு, புதிய சுவைகளை உருவாக்கும் பிரிவு, சுவை மதிப்பீடு, கொள்முதல் என்று அங்கே உள்ள வேலைகளுக்கு உணவுத் தொழில்நுட்பப் பட்டம் கேட்பார்கள். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம், மைசூரில் உள்ள சிஎஃப்டிஆர்ஐ போன்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்களில் படிக்க வழி உண்டு. உங்கள் பட்டத்துக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்பதை அவர்களின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 28 வயது இதற்குத் தாமதமில்லை. நட்சத்திர ஓட்டல்களின் பேஸ்ட்ரி சமையலறை இன்னொரு வழி. அங்கே நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை, தொடக்கத்தில் உங்கள் இப்போதைய சம்பளத்தைவிட வெகு குறைவு, ஊரே கொண்டாடும் நாளில் உங்களுக்கு இரட்டை வேலை. ஆனால் மாதக்கணக்கில் கட்டணம் கட்டிக் கற்பதை அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம் என்பதால், பயிற்சி நிலையத்தைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

எனக்கு மிகவும் ஆர்வமூட்டுகிற வழி வேறு. கோகோ விதையிலிருந்தே சாக்லேட் செய்வது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. பழத்தை உடைத்து, விதையைச் சதையோடு ஐந்தாறு நாள் நொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, கல்லில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அரைத்தால் சாக்லேட். உலகெங்கும் இப்படிச் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் பலர் பயன்படுத்தும் அரவை இயந்திரம் என்ன தெரியுமா? நம் வீட்டில் இட்லி மாவு அரைக்கும் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் அமைப்பைக் கோகோவுக்கு ஏற்றபடி மாற்றியது. வெளிநாட்டில் இதை இறக்குமதி செய்து வாங்குகிறார்கள். நமக்கோ செய்கிறவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, பொள்ளாச்சித் தோட்டத்திலேயே செய்யும் சோக்லெட் (Soklet), சென்னையின் கொக்கோட்ரெய்ட் ஆகியவை இந்த வழியில் பெயர் பெற்றவை. இவர்களின் சாக்லேட் கட்டிகளை வாங்கி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சுவைத்துப் பாருங்கள். பழப் புளிப்பும் லேசான துவர்ப்பும் உங்களுக்குப் பிடித்தால் இந்த உலகத்துக்குள் போகலாம். முகம் சுளித்தால் உங்கள் விருப்பம் பாலிலும் சர்க்கரையிலும் இருக்கிறது என்று பொருள். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். ஒரு விடுமுறையில் பொள்ளாச்சிப் பக்கம் போய்த் தோட்டத்தில் நொதிக்கவைப்பதை நேரில் பார்ப்பதும் நல்லது. அந்த வாடை காடியும் சாராயமும் கலந்தது போல இருக்கும். அதை விரும்பாதவர்களும் உண்டு.

கடைசியாக, அந்தப் பயிற்சி நிலையம். அவர்கள் பெயரை நீங்கள் எழுதவில்லை, எனக்கும் வேண்டாம். பணம் கட்டும் முன் நேரில் போய் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். வகுப்பில் பயன்படுத்துவது கூவெர்ச்சரா, காம்பவுண்டா? ஒவ்வொரு மாணவரும் தம் கையால் டெம்பரிங் செய்கிறாரா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பதா? ஏசி இல்லாத சூழலில் என்ன செய்வது என்று சொல்லித்தருகிறார்களா? முன்பு படித்தவர்களில் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு பேரிடம் பேச அனுமதிப்பார்களா? நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தாலும் இந்த மாதம் கட்ட வேண்டாம். ஜூலைக்குப் பிறகு தொடங்கும் அடுத்த அணியில் சேர முடியுமா என்று கேளுங்கள். இந்த மாதமே கட்டினால்தான் இடம் என்று நெருக்கினால், விட்டுவிடுங்கள். 50,000 ரூபாயில் ஒரு நல்ல டிஜிட்டல் வெப்பமானி, ஈரப்பதமானி, பாலிகார்பனேட் அச்சுகள், சில கிலோ கூவெர்ச்சர் எல்லாம் வாங்கி, கோடை மாதங்களின் கூடுதல் மின்கட்டணத்தையும் அதிலிருந்தே கட்டலாம். ஜூன் மாதம் உங்கள் குறிப்பேட்டோடு எழுதுங்கள். எத்தனை தொகுதிகள் செய்தீர்கள், எத்தனை துண்டுகள் வீணாயின, புதிதாக வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை கேட்டார்கள் என்ற மூன்று எண்கள் இருந்தால், கடையா, ஓட்டலா, படிப்பா என்பதை அப்போது குறிப்பாகவே சொல்ல முடியும்.